முள்ளெடுத்துத் தைத்த மீன்

என் தம்பிக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "நாளைக்கு டைலர்" என்று கேளுங்கள், நாய்கூட வழி காட்டும். யார் வந்து கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பான். துணியின் மடிப்பைக்கூடப் பிரித்திருக்க மாட்டான்; அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "பட்டன் கட்டுறதுதான் பாக்கி, நாளைக்கு" என்பான். ஒருவர் தன் மூத்த பையனுக்குக் கால்சட்டை தைக்கக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போகும்போது அது இளையவனுக்குத்தான் சரியாக இருந்தது. அப்படியும் அந்த மனிதர் அடுத்த துணியை இவனிடம்தான் கொண்டுவந்து போட்டார். ஏனென்றால் இவன் கைவேலை அப்படி. நான் அக்கா என்பதால் சொல்லவில்லை. கிழிந்த இடத்தை இவன் தைத்துக் கொடுத்தால், கிழித்தவனே வந்து தேடினாலும் அகப்படாது. "தையல் கண்ணுல பட்டா அது தையலா அக்கா?" என்பான். இந்தப் பேச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அவனை மாட்டிவிட்டது இதுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு நாளைக்கு என்பதே கிடையாது. அது மீன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சந்தையில் நிற்பான். வெயில் ஏறுமுன் மீன் சட்டியில் இருக்கும். "துணி காத்திருக்கும், மீன் காத்திருக்காது" என்று எனக்கே பாடம் சொல்வான். வாரத்தில் ஆறு நாள் அடுப்பு அவன் பெண்டாட்டியுடையது, ஞாயிறு அவனுடையது. அவன் சமைப்பதைப் பார்க்க வேண்டும். மீனைக் கழுவித் துடைத்துப் பலகையில் போட்டு, தையல்காரர்களின் சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் கோடு போடுவான். கோட்டுக்கு ஒரு விரல் தள்ளித்தான் வெட்டுவான். ஏண்டா என்றால், "சூடு பட்டா சுருங்கும் அக்கா. தண்ணி பட்ட பருத்தித் துணி மாதிரி. விட்டுத்தான் வெட்டணும்" என்பான். கணவாய் வாங்கி வந்தால் அதன் உடம்புக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "ஆண்டவனே சட்டைக் கை தைச்சு அனுப்பியிருக்கான், எனக்குக் கூலி மிச்சம்" என்பான். இறாலின் முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை உருவும்போது, தப்பான தையலைப் பிரிக்கிற அதே முகம்.

அவன் பெண்டாட்டியையும் சொல்லிவிடுகிறேன். கடை என்பது அவர்கள் வீட்டின் முன்னறைதான். இரண்டு மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, கதவோரம் வெளிச்சத்துக்காக ஒரு முக்காலி. முக்காலி அவளுடையது. பட்டன் துளையைச் சுற்றி நூல் கட்டுகிற வேலைக்குக் காஜா என்று பெயர். அதைக் கையால் எடுப்பாள். அதனால் அவளுக்குத் தெருவில் காஜாக்காரி என்று பெயர் நிலைத்துவிட்டது. பேச்சு குறைவு, பார்வை அதிகம். வாய்க்குள் ஊசியைக் கவ்விக்கொண்டே ஒரு பார்வை பார்த்தால், அவசரம் என்று வந்த வாடிக்கைக்காரர் நாளைக்கே வருகிறேன் என்று தானாகச் சொல்லிவிட்டுப் போவார். என் வீடும் அவர்கள் வீடும் ஒட்டியவை, நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறாயுசு என்பேன்.

இந்த நல்ல குடும்பத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முள் புகுந்தது.

அன்று சாப்பிடும்போது தம்பி ஏதோ வாடிக்கைக்காரர் கதையைச் சொல்லியிருக்கிறான். இடுப்பை அளக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிற ஒருவர், தைத்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மூச்சே விட முடியாமல் கடையிலேயே நின்ற கதை. காஜாக்காரி சிரிப்பது அபூர்வம். அன்று பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு வெளியே வந்தது, முள் உள்ளே போனது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். வெறும் சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொன்னேன். வாழைப்பழம் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து முதுகில் அடித்தார். அடி பலமாக விழுந்ததில் முதுகு வலி தனியாகச் சேர்ந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பிடித்து, நீள இடுக்கி விட்டு, அந்த முள்ளை எடுத்தார். "வீசிடவா?" என்று கேட்டாராம். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து, தீப்பெட்டியைப் பட்டன் டப்பாவுக்குள் வைத்து, அன்று சாயங்காலமே சட்டம் போட்டாள். தண்ணீரில் நீந்துகிற எதுவும் இனி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

தம்பி கெஞ்சிப் பார்த்தான். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும், நான் ஒட்டுக்கேட்கவில்லை.

"இறால் வாங்கட்டுமா? இறாலுக்கு முள்ளே கிடையாதே."

"மீசை இருக்கு."

"மீசையப் பிச்சுப் போட்டுட்டுத்தானே சமைக்கிறோம்."

"பிச்சுப் போடுற அளவுக்கு இருக்குல்ல. வேணாம்."

"நண்டு? நண்டுக்கு முள்ளும் இல்ல, மீசையும் இல்ல."

"ஓடு உடைக்கும்போது சில்லு தெறிக்கும்."

"கணவாய்? அது வெறும் துணி மாதிரிம்மா."

பட்டன் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து அவன் மெஷின் ஓடுகிற சத்தம்தான். மீன் என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அவள் அந்தத் தீப்பெட்டியைத் திறந்து காட்டுவாள். துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். அந்த முள்ளைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

தம்பி என்ன செய்வான்? என் வீட்டுக்கு வந்தான். ஞாயிறுதோறும், அரைத்த மிளகாய் வாங்கி வருகிறேன், அக்கா வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று ஏதாவது சொல்லிவிட்டு வருவான். என் வீட்டுக் குழாய் ஒழுகாத குழாய். நான் மீன் வறுத்து வைத்திருப்பேன். கூடப் பிறந்தவன் பசித்து வந்தால் போடாமல் இருப்பேனா? சட்டம் அவள் வீட்டுக்குத்தானே, என் வீட்டுக்கு இல்லையே. போகும்போது எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்து, அதன் மேல் மெஷின் எண்ணெயும் தொட்டுக்கொண்டு போவான். காஜாக்காரி தலையைத் தூக்காமலே கேட்பாள்: "எலுமிச்சை வாசம் தூக்குதே. குழாய்க்கு ஊறுகாயா போட்டீங்க?"

அவள் அதோடு விட்டிருப்பாள். விடாதது பூனை.

ஒரு ஞாயிறு அவசரத்தில் எலுமிச்சையை மறந்துவிட்டுப் போய், அதே கையோடு ஒரு டீச்சரம்மாவின் பட்டு ஜாக்கெட்டை எடுத்துக் கொக்கி கட்டிவிட்டான். அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட விழாவுக்குப் போனார். தெருமுனையிலேயே ஒரு பூனை பின்னால் சேர்ந்துகொண்டது. மேடை வரை வந்தது. அவர் பேசப் பேச அது மேடையில் ஏறி அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. மறுநாள் கடைக்கு வந்த டீச்சரம்மா கத்தவில்லை, ஜாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு, "மோந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். தம்பி மோந்தான். காஜாக்காரி மோந்தாள். பூனை வாசலில் உட்கார்ந்திருந்தது.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அண்ணி, உங்க தம்பி மீன் தின்னக் கூடாதுன்னு நான் சொல்லல. என் தொண்டையில குத்தினது மறுபடியும் குத்தக் கூடாதுன்னுதான் சொன்னேன். இப்ப தொழில்ல குத்துது. இதுக்கு ஒரு முடிவு வேணும்."

"சொல்லும்மா" என்றேன்.

"ஒரே ஒரு மீன். இவர் கையால. ஒரு முள்ளு இருக்கக் கூடாது. உதிர்த்துப் போட்டுக் கொண்டுவந்தா தொட மாட்டேன், யாரோ தின்னு மிச்சம் வெச்ச மாதிரி இருக்கும். தலையும் வாலுமா முழு மீனா என் தட்டுக்கு வரணும். நான் பயமில்லாம தின்னு முடிச்சேன்னா, ஞாயித்துக்கிழமை மறுபடியும் அவருக்கு. ஏதாவது வாயில தட்டுப்பட்டுச்சுன்னா, இந்த வீட்லயும் இல்ல, உங்க வீட்லயும் இல்ல, அவருக்கு ஆயுசுக்கும் மீன் கிடையாது. நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்."

"நானா? அவன் என் தம்பிடி. நான் அவன் பக்கம் சாய்வேன்னு பயமில்லையா?"

"நீங்க யார் பக்கமும் சாய மாட்டீங்க அண்ணி. பிடிச்ச இடத்துலயே நிப்பீங்க."

இதைப் பாராட்டாகத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

தம்பிக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை. ஆயுசு முழுக்க மீன் இல்லாமல் என்றால் சும்மாவா? முள் குறைந்த மீன் எது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கொடுவா மீனில் வந்து நின்றான். ஞாயிறு காலை சந்தையில் டேப்பை எடுத்து மீனைத் தலையிலிருந்து வால் வரை அளந்தான். கழுத்துச் சுற்றளவும் எடுத்தான். மீன்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னய்யா, மீனுக்குச் சட்டையா தைக்கப் போற? எப்பக் கிடைக்கும், நாளைக்கா?"

என் வீட்டு அடுப்பங்கரையில்தான் வேலை. அவள் வீட்டில் மீனுக்கு இன்னும் அனுமதி இல்லையே. பலகையில் மீனைக் குப்புற வைத்து, முதுகில் நடுமுள்ளுக்கு இரண்டு பக்கமும் கத்தியை ஓட்டினான். வயிற்றைத் தொடவே இல்லை. தலைக்குக் கீழே ஒரு வெட்டு, வாலுக்கு மேலே ஒரு வெட்டு, நடுமுள்ளில் மட்டும். அப்புறம் நடுமுள்ளைப் பிடித்து, பேண்ட்டின் பழைய ஜிப்பைக் கழற்றுகிற மாதிரி மெல்ல மேலே தூக்கினான். குடலையும் அதே வழியாக எடுத்தான். மீன் அப்படியே படகு மாதிரி விரிந்து கிடந்தது. அடுத்தது சின்ன முட்கள். நூல் பிடுங்குகிற சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக. கண்ணை மூடிக்கொண்டு, பட்டுத் துணியில் முடிச்சு தேடுகிற மாதிரி விரல் நுனியை ஓட்டுவான், நிற்பான், பிடுங்குவான். நானும் என் விரலை ஓட்டிப் பார்த்தேன்.

"இங்க ஒண்ணு இருக்குடா."

"தீர்ப்பு சொல்றவங்க கை வைக்கலாமா அக்கா?"

"முள்ளு மாட்டுனா அவளத் தூக்கிட்டு ஓடப் போறது நானு. பேசாம பிடுங்கு."

முள்ளெல்லாம் போன பிறகு வெங்காயம், பூண்டு, மிளகாய், மிளகு அரைத்து உள்ளே நிரப்பினான். நிரப்பியதும் முதுகு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. முழு மீனாக வர வேண்டும் என்றல்லவா அவள் நிபந்தனை. தம்பி ஒரு நிமிஷம் பார்த்தான். கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய் நூல் டப்பாவைத் தூக்கி வந்தான்.

வெள்ளை நூலைப் போட்டுத் தைத்து முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. இவன் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மீன் தோலோடு வைத்துப் பார்க்கிறான். சாம்பல் நிறம் வைத்தான். "இது கொஞ்சம் நீலம் ஓடுது" என்றான். இன்னொன்று. "இது வெளுத்துருக்கு." எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மீன் என்ன ஊர்வலமா போகப் போகுது? ஏதோ ஒண்ணப் போடுடா."

"தையல் கண்ணுல பட்டா..."

"தெரியும், தெரியும். தை."

மீனின் நிறத்துக்கே ஒரு நூல் அகப்பட்டது. தைத்தான். ஊசி வெளியே வருவதே தெரியாத உள்தையல். என் கண்ணுக்கு முன்னால் முதுகு மூடிக்கொண்டது. வால் பக்கம் வந்ததும் பிரியாமல் இருக்க இரட்டைக் கட்டுப் போட்டு, நுனியையும் உள்ளே இழுத்துவிட்டான். எனக்கு ஊசியின் மேல்தான் கண். "ஊசி எங்கடா?" என்றேன். சட்டைக் காலரில் குத்தியிருந்ததைக் காட்டினான். நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஊசி பத்திரம் என்றதும் எனக்கு நிம்மதி. நூலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அவன் நினைத்திருந்தான். வறுத்ததும் ஒரு முனையை வெட்டி உருவிவிடலாம் என்பது அவன் கணக்கு. பெரிய தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, மிதமான தீயில், பொறுமையாக ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம். மேலெல்லாம் மொறுமொறுவென்று சிவந்து வந்தது. தெரு முழுக்க வாசம். டீச்சரம்மாவின் பின்னால் போன பூனை வந்துவிட்டது. மீனைத் தட்டில் இறக்கி, சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு குனிந்தவன், குனிந்தவன்தான். நிமிரவில்லை.

"என்னடா?"

"அக்கா, நூலக் காணோம்."

மீன் சிவந்தபோது நூலும் சேர்ந்து சிவந்திருந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். விரலால் தடவினேன். அது தைத்த மீன் என்று சத்தியம் செய்தாலும் எவரும் நம்ப மாட்டார்கள். அவன் கை அப்படி. கத்தரியால் கீறித் தேடினால் மீன் உடையும். உடைந்தால் முழு மீன் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, மீன் இன்னைக்கா, நாளைக்கா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். "எடுத்துட்டு நட" என்றேன்.

காஜாக்காரி சோற்றைப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தீப்பெட்டி. மீனைப் பார்த்ததும் அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கிள்ளி, விரல்களுக்கு நடுவே உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாக்கு நுனியில் வைத்து, நெடுநேரம் மென்றாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்தோம். விழுங்கினாள். எங்கும் குத்தவில்லை. இரண்டாவது கவளம் கொஞ்சம் பெரியது. மூன்றாவதை உருட்டிப் பார்க்கவில்லை. நான்காவதுக்கு அவள் கண் தானாக மூடிக்கொண்டது. இவன்தான் ஞாயிறுதோறும் என் வீட்டில் தின்றான்; அத்தனை நாள் மீன் இல்லாமல் இருந்தவள் அவள்தானே. எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

தம்பிக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "வயித்துப் பக்கமே தின்னும்மா, அங்கதான் ருசி" என்றான்.

"முதுகுக்குள்ள மசாலா தெரியுதே" என்று சொல்லி, முதுகில் கை வைத்தாள்.

வாயில் போட்டாள். மென்றாள். நின்றாள்.

இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோய் எதையோ பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. அவள் அசரவே இல்லை. நூலைக் கண்டால் அவள் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. இழுக்க இழுக்க ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போனாள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"இது நம்ம கடை நூல்" என்றாள்.

 அவள் மீனைத் திருப்பி, மிச்சமிருந்த முதுகை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நகத்தால் மெல்ல நெம்பினாள்.

"உள்தையல். அரிசி முனை அளவு இடைவெளி. கடைசியில இரட்டைக் கட்டு." என் பக்கம் திரும்பினாள். "நிறம்கூடச் சேர்த்து எடுத்திருக்கார், இல்ல அண்ணி?"

"ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தான்" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

அவள் இடது கையைத் தூக்கினாள். அவள் ஜாக்கெட்டின் அக்குள் பக்கம் தையல் விட்டிருந்தது. அதில் ஒரு ஊக்கு. அது துருப்பிடித்த ஊக்கு.

"இத எப்பக் கொடுத்தேன் உங்ககிட்ட?"

"அது வந்து..."

"தைச்சுத் தாங்கன்னு கேக்குறப்பல்லாம் என்ன சொன்னீங்க?"

தம்பி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "மீன் காத்திருக்காதேம்மா" என்றான்.

"நான் காத்திருந்தேன்ல."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கே சுருக்கென்றது. அப்புறம் கையை இறக்கிக்கொண்டு, "அண்ணி, தீர்ப்பு சொல்லுங்க" என்றாள்.

நான் பிடித்த இடத்தில் நிற்கிறவள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். நின்றேன். "தட்டுல முள்ளு இருந்துச்சா?"

"இல்ல. ஆனா 'ஏதாவது தட்டுப்பட்டா'ன்னுதான் சொன்னேன்."

"தட்டுப்பட்டுச்சு. குத்துச்சா? தொண்டையில மாட்டுச்சா? நீ பயந்தது குத்துறதுக்கு. குத்தல. மீன் அவனுக்குத் திரும்பக் கிடைக்கணும். ஆனா உன் ஜாக்கெட்டத் தைக்காம அவன் ஒரு வாய் வெக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு. ரெண்டு பேரும் என்ன சொன்னாலும் மாத்த மாட்டேன்."

அவள் யோசித்தாள். தீப்பெட்டியைத் திறந்து, விரலில் சுற்றிய நூலைக் கழற்றி, அந்த முள்ளுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். எழுந்து உள்ளே போய் வேறு ஜாக்கெட் மாற்றிக்கொண்டு, ஊக்கு குத்தியதை அவன் மடியில் போட்டாள்.

அவன் எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். சோப்புப் போட்டு மூன்று தரம் கை கழுவி, எலுமிச்சை தேய்த்து, மோந்து பார்த்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தான். அக்குள் மட்டும் இல்லை, தளர்ந்திருந்த கொக்கி, பிரிந்த கழுத்து ஓரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தைத்தான். அவசரப்படவில்லை. நூலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறம் சேர்த்தான். பெண்டாட்டிக்கு என்று வந்தபிறகு மீனுக்குச் செய்ததைவிட ஒரு தையலாவது கூடப் போட வேண்டும் என்று அவனுக்கு வைராக்கியம். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பூனையும்.

முடித்து, மடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனான். அவள் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். தையலைத் தேடினாள். அகப்படவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் தோளில் போட்டுக்கொண்டாள்.

தம்பி பசியோடு உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தான். தட்டில் மீன் தலை இருந்தது, வால் இருந்தது. நடுவில் ஒரு துண்டு நூல் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"எனக்கு?" என்றான்.

காஜாக்காரி முக்காலியில் போய் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு."